பையன் குவாட்டர்பேக், காலேஜிலும் ஆடணும்னு சொல்றான்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சில பிள்ளைகள் இப்போது பள்ளி அணியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள். எங்கள் மகன் பள்ளியில் குவாட்டர்பேக்காக ஆடிய நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை மேட்சில் பூஸ்டர் கிளப் கடையில் நிற்கும்போதும், தமிழ்ப்பள்ளி வாசலில் காத்திருக்கும்போதும் ஒரே மாதிரியான சந்தேகங்களையே கேட்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். விதிகள் 2025-26 கல்வியாண்டு நிலவரப்படி. இவை வருடா வருடம் மாறுபவை என்பதால், முடிவெடுக்கும் முன் பள்ளிக் கவுன்சலரிடமும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ-யின் தளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"இந்த குவாட்டர்பேக் அப்படி என்னதான் பண்றான்? பந்தை வாங்கி எறியறது மட்டும்தானே?"

களத்தில் ஒரு அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த முயற்சிகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பந்து முதலில் வந்து சேருவது குவாட்டர்பேக்கின் கைக்கு. பந்து வருவதற்கு முன்பே எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, கோச் சொன்ன திட்டம் இதற்குப் பொருந்துமா என்று கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் நின்ற இடத்திலேயே கத்தித் திட்டத்தை மாற்ற வேண்டும். பந்து வந்தபின் எறிய மூன்று விநாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். கல்லூரிக் கோச்சுகள் கைபலத்தைப் பார்க்கிறார்கள்தான், ஆனால் அந்த மூன்று விநாடிக்குள் பையன் எங்கே பார்க்கிறான், எப்போது பந்தை விடுகிறான் என்பதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போல, களத்தில் ஒரு அணிக்கு ஒரே ஒரு குவாட்டர்பேக். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள், இந்த இடத்தில் பெரும்பாலும் ஒருவனே முழு மேட்சும் ஆடுவான். கீழே வரும் பல பதில்களுக்கு வேர் இதுதான்.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணா, எத்தனை பேர் காலேஜ் வரைக்கும் போறாங்க?"

நாடு முழுக்கப் பள்ளி ஃபுட்பால் ஆடுபவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் ஏதாவது ஒரு என்சிஏஏ கல்லூரி அணியில் இடம்பிடிக்கிறார்கள். முதல் டிவிஷன் என்றால் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். இது எல்லா இடங்களில் ஆடுபவர்களையும் சேர்த்த கணக்கு. ஒரு கல்லூரி வருடத்துக்குப் பள்ளியிலிருந்து எடுக்கும் குவாட்டர்பேக் பெரும்பாலும் ஒருவன், எப்போதாவது இருவர். சில வருடம் ஒருவரும் இல்லை.

பையனை பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்தத் தட்டில் அவனுக்கு உண்மையில் இடம் இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டால், கதவு திறக்கும் வீட்டைத் தட்டலாம்.

"டிவிஷன் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?"

டிவியில் சனிக்கிழமை நாம் பார்ப்பது முதல் டிவிஷனின் மேல்தட்டான எஃப்பிஎஸ். டெக்சாஸ், அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் அதில் அடக்கம், மொத்தம் 130-க்கு மேற்பட்ட கல்லூரிகள். அதே முதல் டிவிஷனில் அடுத்த தட்டு எஃப்சிஎஸ். வலுவான பல அணிகளும், ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளும் இங்கேதான் இருக்கின்றன. இரண்டாம் டிவிஷன் பணத்திலும் கூட்டத்திலும் சிறியது. மூன்றாம் டிவிஷனில் 200-க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. என்சிஏஏ-க்கு வெளியே என்ஏஐஏ என்ற அமைப்பில் சிறு கல்லூரிகள் உண்டு, அதற்கும் வெளியே இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களும் உண்டு.

மூன்றாம் டிவிஷன் என்றதும் நம்மவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். எம்ஐடி, யூனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னெகி மெலன் எல்லாமே மூன்றாம் டிவிஷனில்தான் ஃபுட்பால் ஆடுகின்றன. அங்கே ஆட்டமும் விளையாட்டுக்கு ஆடுவது போல இருக்காது.

"ஸ்காலர்ஷிப் கிடைச்சா முழுச் செலவும் அவங்களே பாத்துப்பாங்களா?"

எஃப்பிஎஸ் என்றால் பெரும்பாலும் ஆம்: படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். 2025 வரை ஒரு எஃப்பிஎஸ் அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு இருந்தது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பணம் கேட்டு என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் அணியில் மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம் என்று விதி வந்தது. முன்பு 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் பலரைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் டிவிஷனில் 36 ஸ்காலர்ஷிப் அளவுக்கான பணத்தை அணி முழுக்கப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதனால் பையனுக்கு வருவது பாதியோ கால்பங்கோவாக இருக்கலாம். ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்வார்கள். எங்கே போனாலும், "இது எத்தனை வருடத்துக்கு, அடிபட்டால் தொடருமா?" என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"நல்லா ஆடினா மார்க்கைக் கண்டுக்க மாட்டாங்கல்ல?"

கண்டுகொள்வார்கள், அதுவும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே. முதல் டிவிஷனில் ஆட 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் நான்கு வருடம், கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி இவற்றிலிருந்தோ வேற்றுமொழி போன்றவற்றிலிருந்தோ. இதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாடங்களின் ஜிபிஏ குறைந்தது 2.3. இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் என்சிஏஏ தகுதிக்கு இப்போது தேவையில்லை, ஆனால் கல்லூரி தன் அட்மிஷனுக்குக் கேட்கலாம். டெக்சாஸில் இன்னொரு வேலி உண்டு: 1984 முதல் இருக்கும் சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் மேட்சில் இறங்க முடியாது.

2.3 என்பது வாசற்படி, அவ்வளவுதான். இரண்டு பையன்கள் ஒரே அளவுக்கு எறிந்தால், 3.8 வைத்திருப்பவனையே கோச் எடுப்பார். அட்மிஷன் அலுவலகத்தோடு அவர் சண்டை போட வேண்டியதில்லை, தகுதி போய்விடுமோ என்ற கவலையும் இல்லை. நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வலு. அதைச் சங்கோஜப்படாமல் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.

"எப்ப ஆரம்பிக்கணும்? இப்ப டென்த் படிக்கிறான், லேட்டாயிடுச்சா?"

இல்லை. எஃப்பிஎஸ் கோச்சுகள் பையனுக்கு நேரடியாக ரெக்ரூட்டிங் செய்தி அனுப்பத் தொடங்குவது பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1-க்குப் பிறகு. அதற்கு முன் அவன் எழுதினால் அவர்களால் சரியாகப் பதில் போட முடியாது, ஆனால் படிப்பார்கள், வீடியோவைப் பார்ப்பார்கள். பதில் இல்லை என்பதால் மனம் உடைய வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு சீசனின் வீடியோ, அதற்கடுத்த வசந்தகாலத்தில் கல்லூரிக் கோச்சுகள் பள்ளிக்கே வந்து அவன் எறிவதைப் பார்ப்பது, கல்லூரிகள் நடத்தும் ஜூன் மாத கேம்ப் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. பெரிய கல்லூரிகள் குவாட்டர்பேக்கை மற்ற இடங்களுக்கு முன்பே முடித்துவிடும். சிறிய கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரைகூடப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கோச்சுங்க கண்ணுல எப்படிப் படறது? அவங்களா வந்து பாப்பாங்களா?"

மிகச் சிலரை மட்டும். மற்றவர்கள் தாங்களே போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன விவசாய ஊர்ப் பையன். பள்ளி முடிக்கும்போது முதல் டிவிஷனிலிருந்து ஒரு ஆஃபரும் இல்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் சேர்ந்து ஆடினார், அங்கிருந்து நாடு முழுக்க எஃப்பிஎஸ் கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார், கடைசியில் வயோமிங் எடுத்தது. 2018-ல், தொழில்முறை லீகான என்எஃப்எல்-லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஏழாவதாகத் தேர்வானார். 2024 சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

மின்னஞ்சலைப் பையனே எழுத வேண்டும். அப்பா எழுதியதை கோச்சுகள் முதல் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய கோச்சுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், குவாட்டர்பேக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கோச்சுக்கும், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான உதவிக் கோச்சுக்கும் தனித்தனியாக எழுதட்டும். உயரம், எடை, ஜிபிஏ, எந்த வருடம் முடிக்கிறான், பள்ளிக் கோச்சின் எண், வீடியோ இணைப்பு, அந்தக் கல்லூரி ஏன் பிடிக்கிறது என்று உண்மையாக ஒரு வரி: இது போதும்.

வீடியோ ஹடல் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் இருக்கும். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சிறந்த எறிதல் முதலில். பாட்டுப் போட்டு, மெதுவாக ஓட்டி அலங்காரம் செய்வதில் பயனில்லை. 60 யார்டு எறிந்ததை மட்டும் கோர்க்காமல், எதிரி மேலே விழ வரும்போது கால் பதறாமல் நின்று எறிந்தது, முதலில் பார்த்த ஆள் கிடைக்காமல் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடிக் கொடுத்தது, இவற்றையும் சேருங்கள். இரண்டு முழு மேட்சின் வீடியோவும் தயாராக இருக்கட்டும். ஆர்வம் வந்த கோச் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

"ஒரு ரெக்ரூட்டிங் கம்பெனி மூவாயிரம் டாலர் கட்டினா ஆஃபர் வாங்கித் தரேன்னு சொல்றான். கட்டலாமா?"

ஆஃபர் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஆஃபர் கொடுப்பவர் கோச், அவர் நம்புவது வீடியோவையும், பள்ளிக் கோச்சின் வார்த்தையையும், தன் கண்ணையும். முந்தைய பதிலில் சொன்ன வேலை முழுவதையும் காசில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். அந்தப் பணத்தை அவனை நிஜமாகவே எடுக்கக்கூடிய இரண்டு மூன்று கல்லூரிகளின் ஜூன் கேம்புக்குச் செலவிடுங்கள். கேம்ப் அழைப்புக் கடிதம் ஆயிரம் பேருக்குப் போகும், அதை ஆஃபர் என்று எண்ண வேண்டாம். போகும் முன் பையன் அந்தக் கோச்சுக்கு எழுதி, வரப்போவதைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"நம்ம பசங்க உயரம் கம்மி. அஞ்சு பத்துதான் இருக்கான். வீணா முயற்சி பண்றமா?"

கோச்சுகள் ஆறடிக்கு மேல் தேடுகிறார்கள் என்பது உண்மை. நம் பக்கத்து ஆலன் ஊர்ப் பள்ளியில் ஆடி, குவாட்டர்பேக்காகத் தொடங்கிய ஒரு மேட்சிலும் தோற்காத கைலர் மர்ரியின் உயரமும் அஞ்சு பத்துதான் என்பதும் உண்மை. 2018-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, 2019 டிராஃப்டில் முதல் ஆள். பிரைஸ் யங்கும் ஏறக்குறைய அதே உயரம், அவரும் டிராஃப்டில் முதல் ஆள். ஆனால் இருவரும் மின்னல் வேகக் கால், அபாரமான கண் இரண்டையும் வைத்திருந்தவர்கள். குள்ளமாக இருந்து காலும் மெதுவாக இருந்தால் மேல்தட்டு கடினம், இரண்டாம் மூன்றாம் டிவிஷனில் கதவு திறந்தே இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஹடலில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடாதீர்கள். கேம்பில் முதல் வேலையே அளவு எடுப்பதுதான்.

"கோச் போன்ல ஆஃபர் சொல்லிட்டார், பையனும் ஓகே சொல்லிட்டான். இனி கவலை இல்லையே?"

வாய்ச்சொல் இரண்டு பக்கமும் கட்டுப்படுத்தாது. கோச் வேறு வேலைக்குப் போகலாம், அவருக்கு இன்னும் பிடித்த ஒருவன் வரலாம், உங்கள் பையனும் மனம் மாறலாம். எழுத்தில் கையெழுத்தாவது டிசம்பர் தொடக்கத்தில் வரும் முதல் கையெழுத்துக் காலத்திலோ பிப்ரவரியிலோதான். முன்பு இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறையை 2024 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள், இப்போது கையெழுத்திடுவது நிதி உதவி ஒப்பந்தத்தில்.

கோச்சிடம் பையன் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் வருடத்தில் எத்தனை குவாட்டர்பேக் எடுக்கிறீர்கள், அவர்களில் நான் உங்களுக்கு எத்தனையாவது?" நேர்மையான கோச் நேராகப் பதில் சொல்வார். மழுப்பினால் அதுவும் பதில்தான்.

"டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஏதோ வந்ததால ஹைஸ்கூல் பசங்களுக்கு வாய்ப்பே இல்லையாமே?"

வாய்ப்பு குறைந்திருப்பது நிஜம். வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இந்தப் போர்ட்டல் 2018-ல் வந்தது. 2021 முதல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றும், 2024 முதல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றும் தளர்த்தினார்கள். ஒரு 18 வயதுப் பையனை மூன்று வருடம் வளர்த்தெடுப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிய 21 வயதுக்காரனை அழைத்து வருவது கோச்சுக்குப் பாதுகாப்பு. அதிலும் ஒரே ஆள் ஆடும் இந்த இடத்தில் அந்த ஆசை அதிகம்.

இதனால் கீழ்த்தட்டில் சேர்ந்து ஆடிக் காட்டி மேலே ஏறும் வழி முன்பைவிட அகலமாகியிருக்கிறது. ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் 2018-ல் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட்) போனார், 2019-ல் ஹைஸ்மன் வாங்கினார். பெரிய பெயருள்ள கல்லூரியில் நான்காவது ஆளாக உட்காருவதைவிட, சிறிய கல்லூரியில் இரண்டாவது வருடமே களம் இறங்குவது இன்றைய நிலையில் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஆனால் மாறும்போது பாடங்களின் கிரெடிட் எல்லாம் கூடவே வராது. படிப்பு ஒரு வருடம் நீண்டுவிடக்கூடும்.

"இன்ஜினியரிங் படிச்சிக்கிட்டே ஆட முடியுமா?"

முடியும், கஷ்டம். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று என்சிஏஏ வரம்பு வைத்திருக்கிறது. பயணம், சிகிச்சை, தானாக உட்கார்ந்து பார்க்கும் வீடியோ எல்லாம் அதற்கு வெளியே. ஜாஷ் டாப்ஸ் டென்னசியில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே குவாட்டர்பேக்காக ஆடி, என்எஃப்எல் வரை போனார். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அணியில் யார் யார் இன்ஜினியரிங் படிக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவனிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். லேப் நேரமும் பிராக்டிஸும் மோதும்போது யார் விட்டுக்கொடுப்பது என்று அவன் சொல்வான்.

"தலையில அடிபட்டா என்ன பண்றது? என் மனைவிக்கு இதுதான் பெரிய பயம்."

அந்தப் பயம் நியாயமானது, அதை யாரும் லேசாக ஒதுக்க வேண்டாம். கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) சந்தேகம் வந்தால் பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் ஒப்புதல் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் 2011 முதல். திரும்பி வருவதும் படிப்படியாகத்தான். பல வருடம் தலையில் விழும் சிறு அடிகள் சேர்ந்து வரும் மூளைச்சிதைவை உயிரோடிருக்கும்போது உறுதிசெய்ய இன்னும் வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு குடும்பமாக முடிவெடுங்கள்.

பையனிடம் ஒன்றை மட்டும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவையுங்கள்: தலை சுற்றினால், வெளிச்சம் கூசினால் மறைக்கக் கூடாது. கோச் பார்க்க வந்திருக்கிற வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் மறைக்கக் கூடாது. இரண்டாவது அடி முதல் அடி ஆறும் முன் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

"நாங்க இன்னும் எச்-1பி-லதான் இருக்கோம், பையன் எச்-4. இதுல ஏதாவது சிக்கல் வருமா?"

அணியில் சேரவும் ஆடவும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கவும் இது தடையில்லை. சிக்கல் வேறு இடங்களில். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், அதை என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தரலாம். எச்-4 பிள்ளைக்கு வேலை செய்யும் அனுமதி கிடையாது. 21 வயதில் எஃப்-1-க்கு மாறினாலும் கட்டுப்பாடு உண்டு. பக்கத்து உணவகம் 200 டாலர் கொடுத்து ஒரு விளம்பரத்தில் நிற்கச் சொன்னாலும், குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். 200 டாலருக்காக விசா கெட்டுப்போகக் கூடாது.

மத்திய அரசின் கல்வி உதவியும் எச்-4 பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால் மூன்றாம் டிவிஷன், ஐவி கல்லூரிகளில் கல்லூரியே தரும் உதவி உங்கள் நிலைக்குக் கிடைக்குமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் அணிகளில் ஆட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

"ஸ்காலர்ஷிப் இல்லாம 'வாக்-ஆன்'னா வாங்கன்னு பெரிய காலேஜ் கூப்பிடுது. சின்ன காலேஜ் பாதிப் பணம் தருது. எதுக்குப் போறது?"

பேக்கர் மேஃபீல்ட் வாக்-ஆனாகச் சேர்ந்து 2017-ல் ஹைஸ்மன் வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அது நடந்தபோது 105 பேர் வரம்பு இல்லை. இப்போது வாக்-ஆனுக்கு உறுதியான இடம் இருக்கிறதா என்று கோச்சிடம் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: நான்கு வருடமும் ஒரு மேட்சில்கூட இறங்காவிட்டாலும் அந்தக் கல்லூரியில் படித்ததற்கு அவன் சந்தோஷப்படுவானா? ஆம் என்றால் பெரிய கல்லூரிக்குப் போகட்டும். வெள்ளிக்கிழமை இரவு போல இன்னும் நான்கு வருடம் ஆடியே தீர வேண்டும் என்று அவனுக்குள் நெருப்பு இருந்தால் சின்னக் கல்லூரி. இதற்கு அப்பா அம்மா பதில் சொல்லக் கூடாது, அவன்தான் சொல்ல வேண்டும்.

"டிசம்பர் போச்சு, பிப்ரவரியும் வந்துடுச்சு. ஒரு ஆஃபரும் இல்ல. அவ்வளவுதானா?"

முதல் டிவிஷனுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றவற்றுக்கு இல்லை. மூன்றாம் டிவிஷன், என்ஏஐஏ கோச்சுகள் இந்த மாதங்களில் மும்முரமாக ஆள் சேர்க்கிறார்கள், வேறு கல்லூரிக்குப் போய்விட்ட பையன்களின் இடம் அப்போதுதான் காலியாகிறது. ஏற்கெனவே விண்ணப்பித்து இடம் கிடைத்த கல்லூரிகளில் ஃபுட்பால் இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கோச்சுகளுக்கு இந்த வாரமே எழுதட்டும். "எனக்கு உங்கள் கல்லூரியில் அட்மிஷன் கிடைத்துவிட்டது" என்ற வரியோடு வரும் குவாட்டர்பேக்கின் கடிதத்தை மூன்றாம் டிவிஷன் கோச் ஒதுக்க மாட்டார்.

டெக்சாஸில் பிளின், டைலர், கில்கோர், நவாரோ போன்ற ஜூனியர் காலேஜ்களும் நல்ல ஃபுட்பால் ஆடுகின்றன. ஜாஷ் ஆலன் போன வழி அது. அங்கே போவதாக இருந்தால் முதல் நாளே கவுன்சலரிடம் உட்கார்ந்து, எடுக்கும் ஒவ்வொரு பாடமும் நான்கு வருடக் கல்லூரிக்குக் கிரெடிட்டாகப் போகுமா என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கோச்சையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர் ஒரு சிறு கல்லூரிக் கோச்சுக்குப் போடும் போன், நாம் அனுப்பும் ஐம்பது மின்னஞ்சலைவிட வேகமாக வேலை செய்யும், அதைக் கேட்டுப் போகிற பெற்றோர் குறைவு.